வடக்கு ஜன்னல், தெற்கு ஜன்னல்

போகிக்கு முதல் நாள் அண்ணன் மகன் பரணைக் காலி செய்துகொண்டிருந்தான். கிழிந்த முறம், காலொடிந்த ஸ்டூல், மூடியில்லாத ட்ரங்குப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கடைசியில் ஆளுயர மூங்கில் சட்டம் ஒன்று வந்தது. அதில் வெள்ளை வேட்டியை விறைப்பாக இழுத்து, விளிம்பைச் சுற்றிக் கோணி ஊசியால் தைத்திருந்தது. வேட்டி பழுப்பேறியிருந்தது, ஒரு மூலையை எலி கடித்திருந்தது. “அத்தே, இந்தப் பழைய தட்டியும் நாளைக்கு எரிக்கறதுக்குத்தானே?” என்றான். வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தேன். அப்பா கல்யாணப் பெண்களின் முகத்துக்கு வெளிச்சம் கொண்டுவந்தது அந்த வேட்டியை வைத்துத்தான். அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

திருத்தணி மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகும் வழியில், அப்பாவுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருந்தது. முடியிறக்கித் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள், ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடியோடு வருகிறவர்கள், மலைமேல் தாலி கட்டிக்கொண்டு மாலையும் கழுத்துமாகப் படியிறங்கி வரும் ஜோடிகள், இவர்களை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. முருகன் வள்ளியை மணந்த மலை என்பதால், இங்கே தாலி கட்டினால் நல்லது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு நம்பிக்கை. வருகிறவர்களில் பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள். 1960 ஏப்ரலில் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்தானே இது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தைப் பற்றி அப்பா தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார். அடுத்த நிமிஷமே நகரியிலிருந்து வந்த குடும்பத்திடம் தெலுங்கில் பேரம் பேசுவார்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆடியைக் காவடிக் கூட்டம் ஈடுகட்டிவிடும். மார்கழியில்தான் கல்லா காலியாக இருக்கும். அந்த மாதத்தில் எங்கள் வீட்டு அடுப்பை எரியவைத்தவை சர்ச் கல்யாணங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் கல்யாணம் வைக்காத கத்தோலிக்கக் குடும்பங்களும், பிள்ளைகள் லீவுக்கு வருவதற்காகக் காத்திருக்கும் சி.எஸ்.ஐ. குடும்பங்களும், மூன்று ஞாயிறு சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்து முடித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் நடுவே தேதி குறிப்பார்கள். அரக்கோணம் ரயில்வே குடியிருப்பிலிருந்து ஆள் வரும். 1853-லேயே அமெரிக்க ஆற்காடு மிஷன் காலூன்றிய ராணிப்பேட்டை, வேலூர்ப் பக்கத்திலிருந்து கடிதம் வரும். எல்லைக்கு அப்பால் புத்தூரிலிருந்து லுத்தரன் குடும்பத்தினர் வருவார்கள். 1865-ல் நாயுடுபேட்டையில் தொடங்கிய ஜெர்மன் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனின் வழியில் வந்தவை அவர்கள் சபைகள்.

டிசம்பர் 31 ராத்திரி எங்கள் மலையில் படித் திருவிழா. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்தது. 365 படிகளிலும் ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டே ஜனம் ஏறும். அப்பா விடிய விடிய அங்கே நிற்பார். காலையில் குளித்துவிட்டு முதல் ரயிலைப் பிடித்து அரக்கோணத்தில் ஒரு சர்ச்சுக்குள் நுழையும்போது அவர் சட்டையில் கற்பூர வாசனை இருக்கும். உபதேசியார் மூக்கை உறிஞ்சிவிட்டு, “முருகனைப் பார்த்துட்டு வரீங்களா?” என்று சிரித்துக்கொண்டே ஜன்னல்களைத் திறந்துவிடுவார்.

மலைக்கோயிலுக்குள் எல்லாம் கருங்கல். எண்ணெய் ஏறிய கருங்கல் வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும். முகூர்த்தமும் பெரும்பாலும் விடியலுக்கு முன்னால். பளீரென்று ஃபிளாஷ் அடித்தால்தான் படம். சர்ச்சில் நிலைமை நேர்மாறு. சுண்ணாம்படித்த உயரச் சுவர்கள், நீள ஜன்னல்கள், கூட்டம் இருந்தாலும் இடித்துத் தள்ளாத நடுப்பாதை. அதோடு சட்டமும் எங்கள் பக்கம். 1872-ஆம் வருடத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, தனி லைசென்ஸ் பெற்ற சில சபைகளின் விதிவிலக்கு நீங்கலாக, காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில்தான் கல்யாணம் நடக்கவேண்டும். ஒரு போதகர் இதைச் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே பெருமை. “சர்க்காரே நமக்குப் பகலை எழுதிக் குடுத்திருக்கு பாரு” என்பார்.

தாவணி போட ஆரம்பித்த வயதில் என்னைக் கூட அழைத்துப்போகத் தொடங்கினார். காரணம் உண்டு. பெண் அலங்காரம் செய்துகொள்ளும் அறைக்குள் ஆண்பிள்ளை போக முடியாது. கொசுவத்தை நீவிவிட, தலையில் குத்திய வலைத்துணியைத் தோளில் சரியாக விழச் செய்ய, பொக்கேயை எந்த உயரத்தில் பிடிப்பது என்று கையைத் தொட்டுக் காட்ட, ஒரு பெண் வேண்டும். அம்மாவுக்குக் கடை, அடுப்பு. அதனால் நான். மெழுகுவத்தி, சம்பங்கி, புது சாட்டின் துணியின் மடிப்பு வாசம், எல்லாம் கலந்த அந்தச் சின்ன அறைகளில்தான் நான் தொழில் கற்றேன்.

ஆனால் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். அப்பாவுக்கு ஒரு வழக்கம்: கல்யாணம் எத்தனை மணிக்கோ, அதே மணிக்கு ஒரு நாள் முன்னால் போய் அந்தச் சர்ச்சுக்குள் சும்மா உட்கார்ந்திருப்பார். ‘ஜன்னல் பாக்கப் போறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். எந்த ஜன்னலில் வெயில் நேராக விழுகிறது, எதில் வெளிச்சம் மட்டும் வருகிறது, எதற்கு வெளியே வேப்பமரம் நிற்கிறது, எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வார்.

அவரிடம் ஓர் ஆங்கிலப் புகைப்படப் புத்தகம் இருந்தது. வடக்கு ஜன்னலில்தான் முகத்தைப் படம் பிடிக்கவேண்டும் என்று அதில் இருக்கும். ஐரோப்பிய ஓவியர்கள் வடக்கு வெளிச்சம் விழும் அறையாகத் தேடி வாடகைக்கு எடுத்ததும் அதனால்தான். அங்கே சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் வடக்கு ஜன்னலுக்குள் பெரும்பாலும் வெயில் எட்டிப் பார்க்காது. நாள் முழுக்க ஒரே சீரான, மெத்தென்ற வெளிச்சம். அப்பா அதை அப்படியே நம்பி எடுத்துக்கொள்ளவில்லை. திருத்தணி இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே பதின்மூன்று பாகையில். சித்திரை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆவணி பிறக்கும் சமயத்தில்தான் திரும்பித் தெற்கே வரும். ஆகவே வைகாசிக் கல்யாணத்தில் வடக்கு ஜன்னலில் பெண்ணை நிறுத்தினால் வெயில் மூஞ்சியில் அறையும். அப்போது தெற்கு ஜன்னல்தான் குளிர்ந்த ஜன்னல். மார்கழி, தையில் இது தலைகீழ். நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார்: ‘தையில் வடக்கு, வைகாசியில் தெற்கு.’ பழைய சர்ச்சுகளில் பலவும் பீடத்தைக் கிழக்கே வைத்துக் கட்டியவை என்பதால், இரண்டு நீளப் பக்கமும் வடக்கும் தெற்குமாகவே அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

வெள்ளைப் புடவைதான் பெரிய சோதனை. கூரைப் புடவையைப் படமெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. வெள்ளை, அதிலும் சரிகை ஓடிய வெள்ளைப் பட்டு, வெளிச்சத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். லைட் மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டுதான் கணக்குச் சொல்லும். புடவையைக் காட்டிக் கேட்டால், அது சொல்லும் கணக்கில் புடவை அழுக்குச் சாம்பலாகவும் பெண்ணின் முகம் கரியாகவும் வரும். நம் பெண்களின் மாநிறத்தையும் கறுப்பையும் காட்டிக் கேட்டால் புடவை வெந்துபோய், ஒரு மடிப்புகூடத் தெரியாமல் வெள்ளைத் தாளாகிவிடும்.

அப்பா மீட்டரைப் பெண்ணுக்கும் காட்டமாட்டார், புடவைக்கும் காட்டமாட்டார். பெண்ணின் கன்னத்துக்குப் பக்கத்தில் என் உள்ளங்கையை நீட்டச் சொல்லி அதற்குக் காட்டுவார். யார் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கை ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். அது நடுச்சாம்பலைவிட ஒரு ஸ்டாப் பிரகாசம் என்பதால், மீட்டர் சொன்னதைவிட ஒரு ஸ்டாப் திறப்பார். அந்தக் கணக்கில் முகம் முகமாக வரும். பிறகு புடவைக்கு வைத்தியம். உடம்பை ஜன்னலிலிருந்து சற்றே திருப்பி, முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்வார். வெளிச்சத்தின் முதல் பங்கு முகத்துக்கு, மிச்சம்தான் புடவைக்கு. நிழல் பக்கக் கன்னத்துக்கு நான் வேட்டிச் சட்டத்தைத் தாழ்வாகப் பிடிப்பேன். ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, மூக்கு நிழலை மெல்லக் கரைக்கும். “இன்னும் ரெண்டு விரக்கடை கிட்ட வா… போதும், நில்லு.” கல்யாணப் பெண் புத்தூர்க்காரி என்றால் அவளிடம் தெலுங்கில், “கொஞ்செம் இட்டு திருகம்மா.” இருட்டறையில் ஓர்வோ ஃபிலிமை டெவலப்பரிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிடுவார், வெள்ளை கெட்டியாகிவிடாமல் இருக்க. என்லார்ஜருக்கு அடியில் முகத்தை ஓர் அட்டையால் மறைத்து, புடவைக்கு மட்டும் இன்னும் சில நொடி வெளிச்சம் காட்டுவார். அப்போதுதான் மடிப்பும் சரிகையும் தாளில் எழும்பி வரும்.

வேலூரில் நர்ஸாக வேலை பார்த்த ஒரு பெண்ணின் கல்யாணம் நன்றாக நினைவிருக்கிறது. நல்ல கறுப்பு, நீளமான கழுத்து, கூர்மையான மூக்கு. அறைக்குள் அவள் அம்மா என்னிடம் மெதுவாக, “உங்கப்பாகிட்ட சொல்லும்மா, கொஞ்சம் செவப்பா வர்ற மாதிரி எடுக்கச் சொல்லு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும்” என்றார். பெண் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; ஒன்றும் பேசவில்லை. அந்தக் காலத்தில் இது வழக்கமான வேண்டுகோள். பல ஸ்டுடியோக்களில் நெகட்டிவிலேயே பென்சில் பிடித்து முகம் முழுக்க டச்சிங் செய்து, மாவு பூசியதுபோல் ஆக்கிக் கொடுப்பார்கள். கேட்டுத்தான் செய்தார்கள், அவர்களையும் குறைசொல்ல முடியாது. அப்பா அந்த அம்மாவிடம் மரியாதையாகச் சொன்னார்: “அக்கா, பரு இருந்தா எடுத்துடறேன். அது நாலு நாள்ல போறது. நிறம் பாப்பாவோடது. அதுல நான் கை வெக்கக் கூடாது.” அந்தப் பெண் முதல் தடவையாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஜன்னலோரம் அவள் நின்ற நிலையை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். அவள் கன்ன எலும்பின் மேல் விழுந்த அந்த ஒரு கோடு வெளிச்சம், வெளுத்த தோலில் அப்படி மின்னாது.

கலர் வந்த பிறகு இந்தப் பிரச்சினை போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ‘ஷெர்லி கார்டு’ என்பார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் நிறம் ஒழுங்காக வந்தால் மெஷின் ஒழுங்கு என்று அர்த்தம். உலகத்தில் எத்தனையோ பழுப்பும் கறுப்பும் இருக்க, ஃபிலிமுக்கு அளவுகோலாக இருந்தது அவள் கன்னம்தான். பின்னாளில் ஃபிலிம் பழுப்பு நிறங்களைச் சரியாகப் பிரித்துக் காட்டத் தொடங்கியதற்குச் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் குறைசொன்னதும் ஒரு காரணம் என்று அந்த நிறுவனத்தில் இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மனுஷ முகத்துக்காகச் செய்திருக்க வேண்டிய வேலை. சென்னை லேபிலிருந்து வரும் பிரிண்ட்களில் நம் பெண்கள் ஒன்று சிவந்துபோய் இருப்பார்கள், இல்லை டியூப்லைட்டின் பச்சை ஏறி இருப்பார்கள். அப்பா ஒரு நல்ல பிரிண்டை உறையில் வைத்து, ‘இந்த நிறத்துக்கு இது மாதிரி’ என்று எழுதி ஒவ்வொரு ரோலோடும் அனுப்ப ஆரம்பித்தார். அந்த நர்ஸ் பெண்ணின் தங்கை கல்யாணத்தில் எடுத்த படம் அது. எங்கள் ஸ்டுடியோவின் ஷெர்லி அவள்தான்.

நிற்கவைக்கும் முறையிலும் அப்பாவுக்குத் திட்டவட்டமான கருத்துகள் உண்டு. அவரிடம் இருந்தது யாஷிகா-மேட் 124ஜி. வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமரா. அந்த உயரத்திலிருந்து எடுத்தால் தூண்கள் சாயாது. பெண்ணின் முழு உருவமும் குறுகாமல், நெளியாமல் நிற்கும். பார்க்கும் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும் என்பதால், “உன் வளையல் கைப் பக்கம்”, “உன் மோதிரக் கைப் பக்கம்” என்று சொல்வார். ஷட்டர் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. ஜெபத்தின்போது ஃபிளாஷ் கூடாது என்று சொல்லும் போதகர்கள், அந்தக் கேமராவை மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். அதனால் எடுப்பதற்கு முன்னால் பார்ப்பது நிறைய. பீடத்து மெழுகுவத்தி பெண்ணின் தலையிலிருந்து முளைக்கிறதா? சிலுவை அவள் தோளில் வெட்டுகிறதா? பொக்கே மார்பை மறைக்காமல் தொப்புளுக்கு நேராக இருக்கிறதா? முழங்கை உடம்போடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கிறதா? பெஞ்சு வரிசைகள் பெண்ணை நோக்கி ஓடுகின்றனவா? மலைக்கோயில் கல்யாணங்களில் படம் நிறைய ஆட்களை நிரப்புகிறவர், சர்ச்சில் தலைக்கு மேலே தாராளமாக இடம் விடுவார். “கட்டினவன் அவ்ளோ உசரமா கட்டியிருக்கான், அதை வெட்டிட்டு எடுக்கக் கூடாது” என்பார். வலைத்துணிக்கு ஒரு தனி யுக்தி. அதைப் பெண்ணின் தோளிலிருந்து ஜன்னல் பக்கமாக விரித்து என்னைப் பின்னால் குனிந்து பிடிக்கச் சொல்வார். பின்பக்க வெளிச்சம் பட்டதும் கண்ணுக்கே தெரியாத அந்த வலை ஓரங்கள் ஒளியைப் பிடித்துக்கொள்ளும். பல படங்களில் வலைக்குப் பின்னால் என் தாவணி நுனி தெரியும்.

அரக்கோணத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அப்போது நிறைய. அங்கே பெண்ணுக்குப் புடவை கிடையாது, கவுன்தான். தரையில் புரளும் அதன் வால் பகுதியைப் படிகளில் விசிறிபோல் விரித்துவைத்து, பெண்ணை முதுகு காட்டி நிற்கவைத்து முகத்தை மட்டும் தோள்மேல் திருப்பச் சொல்வார் அப்பா. புடவை கட்டிய பெண்ணை அவர் ஒருபோதும் அப்படி நிறுத்தியதில்லை. “புடவைக்கு அழகு முன்னால. கொசுவத்தை மறைக்கிற எந்த போஸும் வேணாம்.”

அந்தக் குடும்பங்களில் ஒன்றுதான் எங்களைச் சென்னைக்கு அழைத்துப்போனது. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம். டி ஹாவிலாண்ட் என்ற பொறியாளர் கட்டி 1821-ல் திறந்தது. உள்ளே நுழைந்ததும் அப்பா நின்றுவிட்டார். வட்டமான கூடம், சுற்றிப் பதினாறு தூண்கள், மேலே நீலக் கும்மட்டத்தில் நட்சத்திரங்கள். வடக்கு, தெற்கு என்று கணக்குப் போட முடியாத இடம். எந்தப் பக்கமிருந்தும் வெளிச்சம் வந்தது, அதனாலேயே முகத்தில் நிழலே இல்லை. நிழல் இல்லாவிட்டால் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும். அன்று அவர் வேட்டிச் சட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, என்னிடம் தன் கறுப்புக் குடைத்துணியைக் கொடுத்தார். வெளிச்சத்தைத் தருவதற்குப் பதிலாக, ஒரு பக்கம் அதைத் தடுத்து நிற்கச் சொன்னார். நிழலையும் கொண்டுபோய் வைக்கலாம் என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

சாந்தோம் பேராலயத்தில் வேறு விதமான விருந்து. 1896-ல் கட்டி முடித்த கட்டடம், வண்ணக் கண்ணாடிகள். வெயில் ஏற ஏற வெள்ளைப் புடவையில் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாக நிறம் வந்து விழுந்தது. புடவையில் விழுந்தால் அழகு, முகத்தில் விழுந்தால் காயம் போலிருக்கும். பெண்ணை ஓரடி பின்னால் நகர்த்தி, நிறங்கள் முந்தானையோடு நின்றுவிடும்படி செய்தார்.

பிறகு வீடியோ வந்தது. ஆயிரம் வாட் விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு பையன் பெண்ணின் முகத்துக்கு நேராக நடந்தான். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே தாலி வாங்கிக்கொண்டாள். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ஜன்னல் தோற்றது. அப்பா தொழிலைக் குறைத்துக்கொண்டார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை.

இன்றைய பிள்ளைகளிடம் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் கேமரா இருட்டிலும் பார்க்கிறது. எடுத்ததும் திரையில் தெரிகிறது. தப்பிருந்தால் உடனே திருத்திக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் பெண் சிரித்தால் பல் தெரிகிறது என்று கிழவிகள் அதட்டுவார்கள். இப்போது பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வெளுப்பாக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. பென்சிலுக்குப் பதில் ஃபில்டர். போன மாதம் ஓர் ஆல்பத்தைப் புரட்டினேன். எனக்குத் தெரிந்த பெண், அவள் முகமே அதில் இல்லை. எடுத்த பையனைக் கூப்பிட்டு உள்ளங்கைக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். தன் கையை நீட்டி, என் கையை நீட்டி, மாறி மாறி அளந்து பார்த்தான். “ஆமா ஆன்ட்டி, ரெண்டும் ஒண்ணாத்தான் காட்டுது” என்றான்.

அப்பாவின் நோட்டு என்னிடம் இருக்கிறது. அவன் கேட்டான் என்று அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சர்ச்சாகப் போய்ச் சரிபார்த்துவருகிறோம். நிறைய மாறியிருக்கிறது. ஓரிடத்தில் ஏ.சி. போட்டு ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். இன்னோரிடத்தில் தெற்குப் பக்கம் நான்கு மாடிக் கட்டடம் வந்து, மார்கழியிலும் அங்கே வெயில் விழுவதில்லை. இனி வருஷம் முழுக்க அதைக் குளிர்ந்த ஜன்னல் என்று எழுதிக்கொண்டோம். அப்பா ‘வேப்பமரம் — தழை அதிகம், எட்டரைக்கு மேல்’ என்று குறித்திருந்த ஜன்னலுக்கு வெளியே மரம் இல்லை; எட்டரை மணியை அடித்துவிட்டு ஏழு என்று திருத்தினான் பையன். புத்தூர்ப் பக்கங்கள் பாக்கி. ஈஸ்டர் கழிந்து வைகாசியில் அங்கே ஒரு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறானாம். ஒரு நாள் முன்னாலேயே போய்த் தெற்கு ஜன்னலைப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.